கதவைத் திறந்துகொண்டு ஓடாதீர்கள்: ஓரறை நாடகத்தைப் படமாக்கும் வழி

ஒரே அறையில் நடக்கும் நாடகத்தைப் படமாக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் யோசனை, "கொஞ்சம் வெளியே கொண்டு போங்க" என்பதுதான். சேலத்தில் சொன்னால் அந்த வெளியே என்பது ஏற்காடு. பக்கத்திலேயே மலை இருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, காலையில் பனி இறங்குகிறது, ஏரி இருக்கிறது. ஒரு பாட்டு, ஒரு ஃப்ளாஷ்பேக், ஒரு ட்ரோன் ஷாட் வைத்துவிட்டால் நாடக வாடை போய்விடும் என்பார்கள். அக்கறையோடுதான் சொல்வார்கள். இருந்தாலும், அறைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று முழுக்கத் தேடிப் பார்க்கும் வரை அந்த யோசனையைத் தள்ளி வையுங்கள். எழுதியவர் அந்த ஆட்களை ஓர் அறைக்குள் அடைத்து வைத்ததற்கு மேடைச் செலவு மட்டும் காரணமாக இருக்காது. கதவைத் திறந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், சண்டை ஆறிவிடும். போக முடியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கதை.

நான் சேலம் செவ்வாய்பேட்டையில் பிறந்தவள். அப்பாவும் பெரியப்பாவும் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார்கள். எங்கள் நாடகக் குழுவுக்காக நான் எழுதியதும் அப்படியொரு பட்டறையில் ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. தகப்பன் இறந்து கருமாதி முடிந்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் பட்டறையைப் பிரித்துக்கொள்ள உட்காருகிறார்கள். விடிவதற்குள் ஓர் ஆர்டர் கொலுசு முடித்துக் கொடுத்தாக வேண்டும். கூட இருப்பது அண்ணியும், சின்ன வயதிலிருந்து அங்கேயே வேலை செய்யும் மாமா ஒருவரும். அப்பா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த காபித் தோட்டத்தை யார் விற்றது, ஏன் விற்றது என்ற கேள்வி ராத்திரி முழுக்க ஓடும். இந்த நாடகத்தைப் படமாக்கும்போது நான் கற்றதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் நாடகம் ஒரு வக்கீல் ஆபீஸில் நடக்கலாம், ரயில்வே வெயிட்டிங் ரூமில் நடக்கலாம். வேலை ஒன்றுதான்.

நாடகம் படமாவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஏற்காடு சாலையில் இன்றைக்கும் நுழைவு வளைவு நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோதான் மு. கருணாநிதியின் 'மந்திரி குமாரி' நாடகத்தை 1950இல் படமாக்கியது. ஆனால் அது அரண்மனை, கொள்ளைக்காரன் என்று இடம் இடமாக ஓடுகிற கதை. ஓரறைக் கதைக்கு நெருக்கமான முன்னோடி வேண்டுமென்றால் கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி'யைப் பாருங்கள். 1965இல் வந்தது. அவரே எழுதிய நாடகம். கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும். முதல் படம் எடுக்கிற ஒருவர் துணிந்து உள்ளேயே இருந்தார் என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

நாடகம் உங்களுடையது இல்லையென்றால் எழுதியவரிடம் முதலில் போங்கள். வாய் வார்த்தை போதாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்தெந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதியவர் காலமாகியிருந்தாலும் அறுபது வருடம் வரை வாரிசுகளுக்கு உரிமை உண்டு. ஒத்திகையில் நடிகர்கள் சேர்த்த வசனங்கள் நம் ஊர் நாடகங்களில் நிறைய இருக்கும். அவர்களிடமும் உட்கார்ந்து பேசி, பெயர் போடுவதா, பணம் கொடுப்பதா என்று முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

நான்காவது சுவர் யாருடையது?

மேடை அறைக்கு மூன்று சுவர்தான். நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் அந்தச் சுவரை நீங்கள் கட்டியாக வேண்டும். அதில் என்ன மாட்டுவது என்ற ஒரு கேள்வியிலேயே பாதித் திரைக்கதை இருக்கிறது என்பேன்.

எங்கள் நாடகத்தில் அப்பாவின் போட்டோ ஜனங்கள் இருக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டியிருப்பதாகப் பாவனை. அண்ணனும் தம்பியும் அப்பாவிடம் முறையிடும்போதெல்லாம் பார்வையாளர்களின் தலைக்கு மேலே பார்த்துப் பேசுவார்கள். அதனால் அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த நிமிடத்துக்கு அப்பா ஆகிவிடுவார்கள். நாடகத்தின் பலமே அந்த இடம்தான். அதே போட்டோவைச் சுவரில் மாட்டி, க்ளோசப்பில் காட்டி, திரும்ப அண்ணன் முகத்துக்கு வெட்டினால் எல்லாம் முடிந்தது. மீசை வைத்த ஒரு பெரியவர், அவ்வளவுதான். யாரோ ஒருவருடைய அப்பா.

நாங்கள் என்ன செய்தோமென்றால், போட்டோவை மாட்டினோம், மாலை போட்டோம், சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரியவிட்டோம். ஆனால் முகத்தை நேராகக் காட்டவே இல்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கண்ணாடியில் ட்யூப் லைட் வெளிச்சம் பட்டு மினுங்கும்படி சாய்த்து வைத்தோம். அவர்கள் அப்பாவிடம் பேசும்போது மட்டும் கேமராவைப் போட்டோ இருக்கிற உயரத்துக்குத் தூக்கி, அங்கிருந்து கீழே பார்க்க வைத்தோம். மற்ற எந்தக் காட்சியிலும் அந்த உயரத்துக்குக் கேமரா போகக் கூடாது என்று முதலிலேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்டோம். அழகாக இருக்கிறதே என்று வேறொரு காட்சியில் அந்தக் கோணத்தை வைத்தால் அதன் அர்த்தம் கரைந்துவிடும்.

உங்கள் நாடகத்திலும் நடிகர்கள் எங்கெல்லாம் ஜனங்களைப் பார்த்து நின்றார்கள் என்று குறியுங்கள். தனக்குத்தானே பேசினார்களா, கடவுளிடமா, ஜன்னல் வழியாகத் தெருவையா? ஒவ்வொன்றுக்கும், அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று ஒரு பதில் எழுதுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் அந்த வசனமே படத்துக்கு வேண்டாமோ என்றும் யோசியுங்கள்.

வசனத்தை எப்படி வெட்டுவது

இரண்டு மணி நேர நாடகத்தின் வசனங்களை அப்படியே வைத்தால் படம் பேசிக்கொண்டே இருக்கும். எனக்கு உதவிய முறை இது. பிரதியை எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்லும் வரிகளுக்குக் கீழே ஒரு நிறத்தில் கோடு போடுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும் வரிகளுக்கு வேறொரு நிறம். கைதட்டு வாங்கிய வரிகளுக்கு மூன்றாவது நிறம். முதல் நிறத்தில் பெரும்பகுதி போய்விடும். அதில் கஷ்டம் இல்லை. கைதட்டு வரிகள்தான் கையைக் கடிக்கும். மேடையில் நடிகர் அந்த வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், சத்தம் அடங்கியதும் தொடருவார். படத்தில் அந்த இடைவெளியில் யாரும் கைதட்ட மாட்டார்கள். நடிகர் எதற்காகவோ காத்து நிற்பதுபோல் இருக்கும். வரியை வைத்துக்கொள்வதானால், அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி குறுக்கே பேசும்படி மாற்றி எழுதுங்கள்.

ஓர் உதாரணம். எங்கள் நாடகத்தின் கடைசியில் தம்பி கோபித்துக்கொண்டு கிளம்புவான். மாமா சொல்வார்:

"தம்பி, கால் கழுவிட்டுப் போப்பா. கால்ல ஒட்டுன தூசியில கூட வெள்ளி இருக்கு. உங்கப்பா ஒரு நாள் கூட கால் கழுவாம இந்தப் படி இறங்குனதில்ல. இந்த மண்ண அரிச்சுத்தான் உங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சாரு."

மேடையில் இந்த வரிக்கு எப்போதும் கைதட்டு உண்டு. மேடைக்கு அது தேவையும்கூட. கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தொட்டி தெரியாது, காலும் தெரியாது. எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்களுக்கு ஒரு விளக்கம்: வெள்ளி வேலை செய்யும் இடத்தில் அராவும்போதும் வெட்டும்போதும் தூள் பறந்து தரையில் படியும். கூட்டிய குப்பையை யாரும் வெளியே கொட்ட மாட்டார்கள். டின்னில் சேர்த்து வைத்து அதிலிருந்து வெள்ளி எடுப்பார்கள். எங்கள் பட்டறையில் வேலை முடிந்து போகிறவர்கள் தொட்டித் தண்ணீரில் கை காலைக் கழுவிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். தண்ணீர் தெளிந்ததும் அடியில் நிற்கும் வண்டலும் அந்த டின்னுக்குத்தான் போகும்.

படத்தில் மாமாவுக்குக் கடைசிக் காட்சியில் இருப்பது இரண்டே வார்த்தை: "தம்பி, காலு." மீதியெல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. சாயங்காலம் வேலையாட்கள் கலைந்து போகிறார்கள். ஒவ்வொருவராகத் தொட்டியில் காலை முக்கித் தேய்த்துக் கழுவுகிறார்கள். ஒரு பையன் அவசரத்தில் ஒரு காலை மட்டும் நனைத்துவிட்டு ஓடப் பார்க்கிறான்; மாமா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அடுத்த காலையும் கழுவ வைக்கிறார். அண்ணி குப்பையைக் கூட்டி டின்னில் போட்டு மூடுகிறாள். யாரும் எதுவும் விளக்குவதில்லை. பார்க்கிறவர் அதை வழக்கமான ஒரு சாயங்காலமாக எடுத்துக்கொள்வார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தம்பி தொட்டியைத் தாண்டிப் போகும்போது அவன் எதை மிதித்துவிட்டுப் போகிறான் என்று அவருக்கே தெரியும்.

ஆக, நல்ல வசனம் ஒன்றை வெட்டுவதற்கு முன்னால் அது சுமந்துகொண்டிருந்த சரக்கை முன் பகுதியில் எங்கே இறக்கி வைப்பது என்று பாருங்கள். இறக்க இடம் கிடைத்த பிறகு வெட்டுங்கள்.

மேடைச் சாமான்களையும் இதே கண்ணோடு பாருங்கள். நாடகத்தில் தம்பி ஆட்டுகிற கிரயப் பத்திரம் வெறும் மடித்த காகிதம். படத்தில் ஒரு விநாடி தெரிந்தாலும் தேதியைப் படிக்கிற ஆள் இருப்பார். எடை போடும் காட்சியில் மாமா வாயால் சொல்லும் கிராமும் தராசில் ஒளிரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விளக்கு அணைந்த நேரத்தில் என்ன நடந்தது?

நாடகத்தில் முதல் அங்கம் முடிந்து விளக்கு அணையும். திரும்ப எரியும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். அந்த இருட்டு உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த இடம். அறையை விட்டு வெளியே போகாமலே புதிதாக ஒன்றைக் காட்ட அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

எங்களுக்கு அந்த இடைவெளியில் வேலை இருந்தது. பெரிய சண்டை நடந்துவிட்டது. ஆனாலும் ஆர்டர் முடிய வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிறார்கள். மூசையில் வெள்ளி உருகுகிறது, கம்பி இழுபடுகிறது, மாமா பொடி வைத்து ஊதிப் பற்ற வைக்கிறார், அண்ணி முத்து கோக்கிறாள். ஒரு கட்டத்தில் கம்பியின் ஒரு முனையை அண்ணன் பிடிக்க, மறுமுனையைத் தம்பி பிடித்தே ஆக வேண்டியிருக்கிறது. சின்ன வயதிலிருந்து செய்த வேலை என்பதால் கைகள் தானாகச் சேர்ந்துகொள்கின்றன. வசனமே இல்லாத இந்தப் பகுதி நாடகத்தில் கிடையாது. நாடகத்தைப் பலமுறை பார்த்த என் சித்தி படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு பேரும் சேர்ந்துருவாங்கன்னு எனக்கு இந்த எடத்துலதான் தோணுச்சு" என்றார்.

உங்கள் கதையின் ஆட்களுக்கும் கையில் ஒரு வேலை இருக்கிறதா பாருங்கள். மேடையில் வேலையைப் பாவனையாகச் செய்துவிடலாம். படத்தில் கை உண்மையாகச் செய்ய வேண்டும். அண்ணனாக நடித்தவர் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். படப்பிடிப்புக்கு முன் ஒரு பட்டறையில் தினமும் உட்கார்ந்து பழகினார். ஊதுகுழலைப் பிடிக்கிற விதத்திலேயே ஆள் யாரென்று எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

நாகலூர் தோட்டத்தைக் காட்டலாமா?

இங்கேதான் ஏற்காட்டுக் கேள்வி திரும்பி வரும். நாடகம் முழுக்க அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது என்பான் தம்பி. வெறும் பாறை, பத்து செடிகூட ஒழுங்காகக் காய்க்கவில்லை என்பான் அண்ணன். "அண்ணா, நீங்க ஒரு தடவையாவது பழம் பறிப்புக்கு மலைக்கு வந்திருக்கீங்களா?" என்று தம்பி கேட்பான். படம்தானே, ஒரு நாள் மேலே போய் எடுத்துவிட்டு வரலாமே என்று தோன்றும்.

காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திரையில் கண்டதை ஜனங்கள் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். செழிப்பான தோட்டத்தைக் காட்டிவிட்டால் அண்ணன் பொய்யன். பாறையைக் காட்டினால் தம்பி ஏமாளி. எந்த ஷாட் வைத்தாலும் நீங்களே தீர்ப்பு சொல்லிவிட்டீர்கள். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அந்தத் தோட்டம் அவர்கள் பேச்சில் மட்டும் இருக்கும்வரை பார்க்கிறவர் இரண்டு தோட்டங்களை மனதில் வைத்துக்கொண்டு அல்லாடுவார். அந்த அல்லாட்டத்தை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல்: வெளியே இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி அறையில் இருப்பவர்களுக்குள் தகராறு என்றால் அந்த இடத்தைக் காட்டக் கூடாது. தகராறு இல்லாத இடமென்றால் காட்டலாம், ஆனால் காட்டுவதால் அறைக்குள் இருப்பவர்களின் நெருக்கடி கூட வேண்டும். குறையுமென்றால் வேண்டாம்.

நாங்கள் அறைக்கு வெளியே காட்சி வைத்தது மொட்டை மாடியில் மட்டும். அண்ணி ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் படியேறிப் போகிறாள். மாடியிலிருந்து பார்த்தால் ராத்திரியில் சேர்வராயன் மலை கறுப்பாகத் தெரியும். மலைப்பாதையில் ஏறும் வண்டியின் வெளிச்சம் வளைவில் தெரிந்து மறையும். தோட்டம் அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. கீழே சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவள் திரும்ப இறங்கியாக வேண்டும். மூச்சு விட ஓர் இடம் கிடைத்தது. அதே சமயம் இறங்குவது முன்னைவிடக் கனமாகிவிட்டது.

உங்கள் கதைக்கு உண்மையிலேயே மலைக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள். காப்புக்காட்டுக்குள் கேமரா வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், தோட்டமென்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும். பனியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது வரும்போது வரும், ஷாட் பாதியில் இருக்கும்போது போகும்.

அறையைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்

நாடகத்தில் திரை விலகியதும் அறை முழுக்கத் தெரிந்துவிடும். படத்தில் அப்படிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சார்ட் பேப்பரில் அறையின் வரைபடத்தைப் போட்டு, உலை இருக்கும் மூலை, அண்ணனின் மேசை, உள்ளே போகும் திரைச்சீலை, மாடிப்படி, தொட்டி, போட்டோச் சுவர் என்று ஒவ்வொன்றும் எந்தக் காட்சியில் முதல்முறை தெரிய வேண்டும் என்று எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் முதல் காட்சியிலேயே கொட்டிவிட்டால் பிறகு காட்டப் புதிதாக ஒன்றும் இருக்காது. எங்கள் படத்தில் அப்பாவின் பழைய இரும்புப் பெட்டி இருக்கும் மூலையைப் பாதிப் படம்வரை கேமரா பார்க்காது. பத்திரம் அதிலிருந்து வெளிவரும்போதுதான் அந்த மூலை இருப்பதே தெரியும்.

லென்ஸ் விஷயத்தில் சிட்னி லூமெட் 1957இல் எடுத்த '12 ஆங்ரி மென்' ஒரு பாடப்புத்தகம். கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை, ஒரு வழக்கின் ஜூரிகள் உட்கார்ந்து தீர்ப்புக்காக விவாதிக்கிற அறை. முதலில் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை. அவர் ஆரம்பத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்து, அறையை அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் எடுத்தார். நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறக்கினார். கடைசிப் பகுதியில் இன்னும் கீழே இறக்கினார். அதனால் மேற்கூரை தெரிய ஆரம்பிக்கிறது. கூடவே லென்ஸையும் படிப்படியாக நீளமாக்கிக்கொண்டே போனார். சுவர்கள் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருவதுபோல் இருக்கும். அறை அதேதான், ஆனால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும்.

அவருக்கு இருந்த வசதி நமக்கு இருக்காது. உண்மையான பட்டறையில் சுவரைப் பிரித்து எடுக்க முடியாது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடி அறையில் 85 எம்எம் மாதிரி நீள லென்ஸ் போட்டுப் பின்வாங்கினால் முதுகு சுவரில் இடிக்கும். அதனால் நாங்கள் 24, 35, 50 என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். பத்திரம் வெளிவரும் வரை 24உம் 35உம். அதற்குப் பிறகு 50. தூரத்திலிருந்து எடுக்க வேண்டிய இடங்களில் கேமராவைத் தெருவில் வைத்து ஜன்னல் கம்பி வழியாக எடுத்தோம். ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து செட் போட முடிந்தால் சுவரைக் கழற்றி மாட்டும்படி போடுங்கள். வேலை பாதியாகக் குறையும். நான் உண்மைப் பட்டறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தச் சுவர்களில் இருந்த கரி. அதைப் பூசி வரவைக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் திசையிலும் கவனம் வேண்டும். இரண்டு பேர் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் ஒரு பக்கத்திலேயே கேமராவை நிறுத்தினால் குழப்பம் வராது. மூன்றாவது ஆள் உள்ளே நுழைந்ததும் கோடு மாறும். அதைச் சார்ட் பேப்பரிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நடிகர்கள், வெளிச்சம், சத்தம்

நாடகத்தில் நடித்தவர்களையே படத்திலும் வைத்துக்கொள்வது நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். நான் வைத்துக்கொண்டேன், திரும்பவும் அப்படித்தான் செய்வேன். முழுக் கதையும் அவர்கள் உடம்பில் இருக்கிறது. எந்தக் காட்சியை முன்னே பின்னே எடுத்தாலும் அதற்கு முந்தைய ஐந்து நிமிட வசனத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றுவிடுவார்கள்.

குரலைக் குறைப்பதுதான் பெரிய வேலை. மாமாவாக நடித்தவர் மைக் இல்லாத திருவிழா மேடைகளில் வளர்ந்தவர். "குறைச்சுப் பேசுங்க" என்று சொன்னால் குரல் குறையும், கூடவே உயிரும் போய்விடும். அதற்குப் பதில் அவர் கையில் வேலையைக் கொடுத்தேன். "மாமா, அந்தக் கொக்கிய மாட்டிக்கிட்டே சொல்லுங்க, மாட்டுறதுலதான் உங்க கவனம்" என்றேன். கவனம் கைக்குப் போனதும் குரல் தானாக அறையின் அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு வழி, அவரோடு பேசும் நடிகரை ஓர் அடி தூரத்தில் உட்கார வைப்பது. அவ்வளவு பக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கத்த மாட்டார்கள்.

ஒரே இடம் என்பதால் சீக்கிரம் முடியும், செலவு குறையும் என்று நினைக்கிறார்கள். பயணச் செலவு குறையும், வாஸ்தவம். ஆனால் ஒரே ராத்திரியில் நடக்கும் கதையில் பாயில் முடிந்து கிடக்கும் கொலுசுகளின் எண்ணிக்கை, சட்டையில் வியர்வை எவ்வளவு, டீ டம்ளர் எங்கே என்று எல்லாமே காட்சிக்குக் காட்சி ஏறுமுகமாக இருக்க வேண்டும். இதற்கென்று ஓர் ஆளை நியமித்து, ஒவ்வொரு காட்சிக்கும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு சுவரைப் பார்த்து வெளிச்சம் அமைத்துவிட்டால் அந்தத் திசையில் வரும் ஷாட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த சுவருக்குத் திரும்புங்கள். லூமெட்டும் அந்தப் படத்தில் இப்படித்தான் செய்தார். ராத்திரிக் காட்சிகளைப் பகலில் எடுக்கலாம்: ஜன்னலையும் கூரைக் கண்ணாடியையும் கறுப்புத் துணியால் மூடினால் போதும். புழுக்கம் தாங்காது, ஆனால் முகத்தில் வியர்வை பொய்யாகத் தெளிக்க வேண்டியிருக்காது.

சத்தம் எங்கள் ஊரில் தனிப் பாடு. பக்கத்துப் பட்டறையில் தட்டுவார்கள், தெருவில் பைக் போய்க்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி, அவர்களுடைய விடுமுறை நாளில் வசனக் காட்சிகளை வையுங்கள். ஆடி மாதத்தில் சேலத்தில் லைவ் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்வது, எடுக்கவே நினைக்காதீர்கள். பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் பண்டிகை, ஸ்பீக்கர் விடிய விடியப் பாடும். ஒவ்வொரு நாளும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து அறையின் சும்மா சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒட்டுப் போட அது வேண்டும். இது போக, மேடையில் கேட்காத சின்னச் சத்தங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். கொலுசைப் பாயில் போடும் சத்தம், ஊதுகுழல் சீறுவது, திருகாணி திருகுவது. அண்ணன் பேச்சை நிறுத்தும்போது திருகாணிச் சத்தம் மட்டும் கேட்டால், அந்த மௌனத்துக்குப் பின்னணி இசை தேவைப்படாது.

எடிட்டிங் முடிந்த முதல் வடிவத்தை, நாடகத்தைப் பார்க்காத ஆட்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நாடகத்தைப் பார்த்தவர்கள் விட்டுப்போனதையெல்லாம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள், அவர்கள் கருத்து இந்தக் கட்டத்தில் உதவாது. படம் முடிந்ததும் பிடித்ததா என்று கேட்காதீர்கள். காகிதமும் பென்சிலும் கொடுத்து அந்த அறையை வரையச் சொல்லுங்கள். கதவு எங்கே, மேசை எங்கே, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று வரைந்துவிட்டால் அறை அவர்கள் மனதில் நின்றுவிட்டது என்று அர்த்தம். கதவையும் படியையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் கோடு தாண்டிய ஷாட் எங்கேயோ இருக்கிறது, தேடி எடுங்கள். தொட்டியையே வரையவில்லை என்றால் முதல் பத்து நிமிடத்தில் வரும் கால் கழுவும் ஷாட்டை இன்னும் சில விநாடி நீட்டி, வேறு ஓர் ஆளிடம் போட்டுக் காட்டுங்கள். தொட்டி காகிதத்தில் வரும் வரை கடைசிக் காட்சியில் கை வைக்காதீர்கள்.